2,93,31,86,25,600: இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

2,93,31,86,25,600 என்பது 12 இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண். இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு என்று இதனைப் படிக்க வேண்டும். இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 5,040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையா. தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விடக் கூடுதலான வகுத்திகளைப் பெற்ற எண்ணை மிகு பகு எண் என்பர். அத்தகைய எண்களை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். 1915-இல் வெளியான தம் கட்டுரையில் 102 மிகு பகு எண்களைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் இருந்திருக்க வேண்டிய ஓர் எண் மட்டும் இடம்பெறவில்லை. அந்த எண்ணே 2,93,31,86,25,600.

இந்த எண்ணின் பண்புகளையும், அது பட்டியலில் விடுபட்ட வரலாற்றையும், பங்கிடுதல் என்னும் அன்றாடச் செயலோடு இவ்வகை எண்களுக்கு உள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பழவேற்காட்டின் பாடு முறை

ஓர் எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் உள்ளன என்பது ஏட்டளவில் நிற்கும் கேள்வி போலத் தோன்றலாம். பங்கு பிரிக்கும் இடங்களிலெல்லாம் இக்கேள்வி எழுகிறது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு பழவேற்காடு ஏரியின் மீனவ ஊர்களில் கிடைக்கிறது.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். கோட்டையின் பெயரால் அமைந்த கோட்டைக்குப்பமும், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவையும் ஏரியின் தென்பகுதியில் உள்ள மீனவ ஊர்கள். இவ்வூர்களில் நெடுங்காலமாக வழங்கி வருவது ‘பாடு’ என்னும் முறை.

ஏரியில் எல்லா இடங்களிலும் ஒரே அளவு மீன்பாடு இருப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டமுள்ள இடங்களில் இறால் வரத்து மிகுதி. நல்ல இடத்தை ஒருவரே நாள்தோறும் பிடித்துக்கொண்டால் மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே கழி ஊன்றிக் கட்டும் சுத்து வலைக்கு உரிய இடங்களை ஊரே வரையறுத்து, உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் பகிர்ந்தளிக்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை வேறு இடத்துக்குச் செல்வார். அல்லது தம் முறை மீண்டும் வரும்வரை காத்திருப்பார். நீர்கொழும்பு, கொச்சி ஆகிய காயல்களிலும் இதையொத்த முறைகள் உண்டு. பாட்டு உரிமை இல்லாத மீனவர்களும் ஏரியைச் சுற்றி வாழ்கின்றனர்; அதனால் எழுந்த பூசல்களும் இந்த ஏரியின் வரலாற்றில் அடங்கும். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பது இங்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

இம்முறையின் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. விளக்கத்துக்காக, ஓர் ஊரில் 60 தலைக்கட்டுகளும் வலை கட்ட 10 இடங்களும் இருப்பதாகக் கொள்வோம். நாளுக்குப் பத்துப் பேராக 6 நாளில் அனைவருக்கும் ஒரு முறை வந்துவிடும். ஏழாம் நாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். அதே ஊரில் 64 தலைக்கட்டுகள் இருந்தால் ஆறாம் நாள் முடிவில் நான்கு பேர் மிஞ்சுவர். அவர்களை ஏழாம் நாளின் முதல் நான்கு இடங்களில் வைத்து வரிசையைத் தொடர வேண்டும். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் முறைகள் கிடைத்து வரிசை ஒரு நாளின் முடிவில் சரியாக நிறைவு பெற 32 நாள் ஆகும். 61 தலைக்கட்டுகள் என்றால் 61 நாள் ஆகும். பள்ளியில் கற்கும் மீச்சிறு பொது மடங்குதான் இங்கே நாள் கணக்காக வருகிறது.

60-க்கும் 61-க்கும் வேறுபாடு ஒன்றுதான். ஆனால் 60-க்கு 12 வகுத்திகள் உள்ளன. 61 பகா எண் ஆதலால் அதற்கு 1, 61 என்னும் இரண்டே வகுத்திகள். வகுத்திகள் மிகுந்த எண்ணில் பங்கு விரைவில் சமனாகிறது. ஊரின் தலைக்கட்டு எண்ணிக்கையை யாரும் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இயலாது. அதனால்தான் மிச்சம் விழுந்தாலும் அநீதி நேராதபடி சுழற்சி என்னும் ஏற்பாடு தேவைப்படுகிறது. ஆனால் அளவைகளை அமைக்கும்போது எண்ணைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மனிதனுக்கு இருந்தது. அங்கே அவன் எந்த எண்களைத் தேர்ந்தான் என்பதை அடுத்துக் காண்போம்.

60, 320, 5,040

பண்டைய பாபிலோனியர் 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணினர். மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்னும் வழக்கங்கள் அந்த மரபின் தொடர்ச்சி. தமிழரின் கால அளவிலும் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. ஆண்டுகளின் சுழற்சியும் 60. நூறு என்னும் பெரிய எண்ணுக்கு 9 வகுத்திகளே இருக்க, அதைவிடச் சிறிய அறுபதுக்கு 12 இருப்பது கவனிக்கத் தக்கது. அறுபதை 2, 3, 4, 5, 6 ஆகிய ஐந்தாலும் மீதியின்றி வகுக்கலாம்; நூறை 3-ஆலோ 6-ஆலோ அவ்வாறு வகுக்க இயலாது.

தமிழ் பின்ன மரபு வேறொரு எண்ணைத் தேர்ந்துகொண்டது. ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி (80-இல் ஒன்று). நான்கு காணி ஒரு மா (20-இல் ஒன்று). அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகக் குறையும் வரிசையும், இருபதில் ஒன்றான மாவின் வரிசையும் 320-க்குள் அடங்கிவிடுகின்றன. 320 என்பது 2⁶ × 5. அதன் வகுத்திகள் 14. இதில் 3 என்னும் காரணி இல்லாததால் மூன்றில் ஒரு பங்கை முந்திரியில் சரியாகச் சொல்ல முடியாது. முந்திரியை மீண்டும் 320 கூறாக்கிய கீழ்முந்திரியிலும் அதே நிலைதான். அதற்கும் கீழான இம்மி என்னும் அளவில் 21 என்னும் காரணி நுழைகிறது. 21 என்பது 3 × 7. பாதி, கால் கணக்குக்குப் போதுமான அளவையில் மூன்று, ஏழு ஆகியவற்றுக்கும் அப்போது இடம் கிடைக்கிறது.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்னும் நூலில் ஒரு கற்பனை நகரத்தை வகுக்கும்போது, அதில் 5,040 நிலப்பங்குகள் இருக்க வேண்டும் என்றார். அந்த எண்ணை 1 முதல் 10 வரை எல்லா எண்களும் மீதியின்றி வகுக்கும். அதற்கு 59 வகுத்திகள் உண்டு என்று அவரே காரணமும் கூறினார். எண்ணையே ஒரு வகுத்தியாகச் சேர்த்தால் 60 ஆகும். குடிமக்களைப் படைக்குப் பிரிக்கவும், வரிக்குப் பிரிக்கவும், நிலத்துக்குப் பிரிக்கவும் ஒரே எண் பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். 60-உம் 5,040-உம் மிகு பகு எண்களே. பயன் கருதி மனிதர் தேடிக் கண்ட இவ்வெண்களுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்று கேட்டவர் இராமானுஜன்.

துறைமுக எழுத்தரின் பயணம்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் தவிர்ந்த பிற பாடங்களில் தேறாததால் கல்லூரிப் படிப்பு முற்றுப்பெறவில்லை. 1912 மார்ச்சில், பழவேற்காட்டுக்குத் தெற்கே அதே கடற்கரையில் அமைந்த சென்னைத் துறைமுகத்தின் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16 நாளிட்டுக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் பெயர் பெற்றது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்னும் கப்பலில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

அவர் கேம்பிரிட்ஜை அடைந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. அப்போர்க்காலத்தில் அவர் எழுதிய நீண்ட கட்டுரைதான் மிகு பகு எண்கள் பற்றியது. இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் 1915-இல் அது 60 பக்கங்களுக்கு மேல் இடம் பெற்றது. இவ்வாய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வுவழி பி.ஏ. பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கைக்கு எட்டாத பட்டம் இந்த எண்களால் கிட்டியது.

மிகு பகு எண்ணின் அமைப்பு

ஓர் எண்ணின் வகுத்திகளைக் கணக்கிட அவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை. எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, வரும் எண்களைப் பெருக்கினால் போதும். எடுத்துக்காட்டாக 12 = 2² × 3. அடுக்குகள் 2, 1. ஒன்று கூட்டினால் 3, 2. பெருக்கினால் 6. பன்னிரண்டின் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறுதான்.

மிகு பகு எண்கள் 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 எனத் தொடர்கின்றன. இவற்றின் அமைப்பைப் பற்றி இராமானுஜன் கண்ட அடிப்படை உண்மைகள் மாணவர்க்கும் எளிதில் விளங்குபவை.

முதலாவது, மிகு பகு எண்ணில் பகா எண்கள் 2-இல் தொடங்கி இடையில் எதுவும் விடுபடாமல் வரிசையாக வர வேண்டும். 20 = 2² × 5 என்னும் எண்ணில் 3 விடுபட்டிருக்கிறது. 5-ஐ நீக்கி 3-ஐ வைத்தால் 12 கிடைக்கும். இரண்டுக்கும் ஆறு வகுத்திகளே. சிறிய எண்ணே அத்தனை வகுத்திகளைப் பெற்றிருப்பதால் 20 மிகு பகு எண் ஆகாது.

இரண்டாவது, பகா எண் பெரிதாகும்போது அதன் அடுக்கு கூடக் கூடாது; சமமாக இருக்கலாம் அல்லது குறையலாம். 18 = 2 × 3². அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. வகுத்திகளின் எண்ணிக்கை மாறவில்லை; எண் சிறிதாகிவிட்டது. ஆகவே 18-உம் தகுதி பெறாது.

மூன்றாவது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும். 4, 36 ஆகிய இரண்டு மட்டும் விதிவிலக்கு.

இந்த விதிகள் தேடலைச் சுருக்குகின்றனவே தவிர முடித்துவிடுவதில்லை. விதிகளுக்கு உட்பட்ட எண்கள் ஏராளம். அவற்றுள் எது உண்மையில் மிகு பகு எண் என்பதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மிகு பகு எண்களுள் சிலவற்றை இராமானுஜன் தனியாகப் பிரித்து உயர்தர மிகு பகு எண்கள் எனக் கொண்டார். அவற்றைச் சூத்திரத்தின் வழியே வரிசையாகப் பெறலாம். மற்றவற்றுக்கு அத்தகைய சூத்திரம் இல்லை. இரண்டு உயர்தர எண்களுக்கு இடைப்பட்ட வெளியில் அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில், 13 இலக்கம் வரை அவ்வாறு தேடித் தொகுத்ததே அந்தப் பட்டியல். அதன் கடைசி எண் 67,46,32,83,88,800, வகுத்திகள் 10,080.

விடுபட்ட எண்ணும் அதன் அண்டை எண்களும்

2,93,31,86,25,600-இன் பகாக் காரணி வடிவம் இது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 7, 5, 3, 3, 2, 2, 2, 2. இவற்றின் பெருக்கம் 5,040. மேலே கண்ட மூன்று விதிகளுக்கும் இவ்வெண் உட்பட்டிருக்கிறது. இதற்கு முன்னும் பின்னும் உள்ள மிகு பகு எண்களோடு ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும்.

முன் எண்: 2,40,94,02,99,600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23; வகுத்திகள் 4,800.

விடுபட்ட எண்: 2,93,31,86,25,600; வகுத்திகள் 5,040.

பின் எண்: 3,21,25,37,32,800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23; வகுத்திகள் 5,376.

முன் எண்ணிலும் பின் எண்ணிலும் 23 என்னும் பகா எண் இருக்கிறது. நடுவில் உள்ள எண்ணில் அது இல்லை; ஈடாக 7 இருமுறை வருகிறது. ஓர் எண்ணைப் புதிய பகா எண்ணாகிய 23-ஆல் பெருக்கினால் வகுத்திகள் இரு மடங்காகும். ஆனால் எண் 23 மடங்கு பெரிதாகிவிடும். ஒருமுறை வந்துள்ள 7-ஐ இன்னொரு முறை பெருக்கினால் வகுத்திகள் ஒன்றரை மடங்குதான் ஆகும். ஆனால் எண் 7 மடங்கு மட்டுமே பெரிதாகும். சந்தையில் விலையும் பயனும் பார்த்துப் பொருள் வாங்குவது போன்றது இது. எந்த அளவில் 23-ஐச் சேர்ப்பது இலாபம், எந்த அளவில் 7-ஐ இரட்டிப்பது இலாபம் என்பது இந்த எல்லையில் எண்ணுக்கு எண் மாறிக்கொண்டே இருக்கிறது.

பட்டியலில் இதற்குச் சற்று முன்னால் உள்ள 97,77,28,75,200, 1,46,65,93,12,800 ஆகியவற்றிலும் 23 இல்லை. 7 இருமுறை வருகிறது. விடுபட்ட எண் அவற்றுள் முதலாவதன் மும்மடங்கு. இரண்டாவதன் இரு மடங்கு. இதற்குப் பிறகு 67,46,32,83,88,800 வரை வரும் எல்லா மிகு பகு எண்களிலும் 23 உண்டு. அதாவது 23 என்னும் காரணி இல்லாமலே அந்தப் பட்டியலில் இடம்பெறத் தகுதியுள்ள கடைசி எண் இதுதான். அடுத்து நிற்கும் 3,21,25,37,32,800 உயர்தர மிகு பகு எண்; சூத்திரமே அதனைக் காட்டிக்கொடுக்கும். விடுபட்ட எண்ணோ தேடினால் மட்டும் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணாகிய 67,46,32,83,88,800 என்பது, விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கக் கிடைப்பதே. பட்டியலின் முடிவில் உள்ள எண்ணுக்குள் பட்டியலில் இல்லாத எண் முழுமையாக அடங்கியிருக்கிறது.

எண்ணின் வேறு பண்புகள்

விடுபட்ட எண்ணை 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுக்கலாம். 23-ஆல் வகுபடாது. 24 முதல் 28 வரை மீண்டும் வகுபடும். 1 முதல் 22 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 23,27,92,560. விடுபட்ட எண் அதனைப்போல் சரியாக 1,260 மடங்கு. 1,260-உம் ஒரு மிகு பகு எண் என்பது வியப்பு.

அதைவிட வியப்பான தொடர் ஒன்று உண்டு. இவ்வெண்ணின் வகுத்திகள் 5,040. பிளேட்டோ தம் நகரத்துக்குத் தேர்ந்த அதே எண். 5,040-இன் வகுத்திகள் 60. அறுபதின் வகுத்திகள் 12. பன்னிரண்டின் வகுத்திகள் 6. ஆறின் வகுத்திகள் 4. 2,93,31,86,25,600, 5,040, 60, 12, 6, 4 என இந்தத் தொடரில் வரும் ஆறு எண்களும் மிகு பகு எண்களே. ஓர் எண்ணின் வகுத்திகளின் எண்ணிக்கைக்கு எத்தனை வகுத்திகள் இருக்கக்கூடும் என்னும் கேள்வியை இராமானுஜன் அதே 1915 கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார்.

அச்சேறாத பகுதி

அக்கட்டுரையின் வரலாற்றில் எண் ஒன்று விடுபட்டதைவிடப் பெரிய விடுபடுதலும் உண்டு. போர்க்காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக இராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் தம் 32-ஆம் வயதில் அவர் காலமானார். நிறுத்தி வைத்த பகுதி அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. கையெழுத்து வடிவில் 1988-இல் அவருடைய வெளியிடப்படாத தாள்களின் தொகுப்பில் இடம்பெற்றது. பின்னர் ஜான் லூயி நிக்கோலா, கை ரோபான் என்னும் இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புரையோடு 1997-இல் ‘இராமானுஜன் ஜர்னல்’ என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று.

அப்பகுதி வகுத்திகளின் எண்ணிக்கையோடு நில்லாமல் அவற்றின் கூட்டுத்தொகையையும் ஆராய்கிறது. கணிதத்தில் இன்றளவும் தீர்க்கப்படாதிருக்கும் ரீமான் கருதுகோளை உண்மை எனக் கொண்டால் அக்கூட்டுத்தொகை எந்த எல்லையைத் தாண்டாது என்பதற்கு இராமானுஜன் அதில் வழி காட்டியிருந்தார். அது அச்சேறாத நிலையில், 1984-இல் ரோபான் ஒரு தேற்றத்தை நிறுவினார்: வகுத்திகளின் கூட்டுத்தொகை பற்றிய ஒரு குறிப்பிட்ட சமனிலி 5,040-ஐவிடப் பெரிய எல்லா எண்களுக்கும் பொருந்துமானால் ரீமான் கருதுகோள் உண்மை, பொருந்தாவிடில் அது பொய். பங்கு பிரிக்க உகந்தது என்று பிளேட்டோ கருதிய 5,040, இத்தேற்றத்தில் எல்லைக்கல்லாக நிற்கிறது.

பிழையின் மதிப்பு

இராமானுஜனின் பட்டியலில் ஓர் எண் விடுபட்டதால் அவருடைய தேற்றம் எதுவும் பிழையாகவில்லை. தேற்றங்கள் நிறுவலின் மீது நிற்கின்றன. பட்டியல் அவற்றுக்கு விளக்கமாக அமைந்தது. 1944-இல் ஹங்கேரியக் கணித அறிஞர் பால் எர்டிஷ் மிகு பகு எண்கள் எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளன என்பது பற்றிய மேம்பட்ட முடிவை நிறுவினார். அவருக்குத் தொடக்கமாக இருந்தது இராமானுஜனின் 1915 கட்டுரையே.

இராமானுஜனைப் பற்றிப் பேசும்போது, நாமகிரித் தாயார் கனவில் சொன்னதை அவர் எழுதி வைத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. தம் குலதெய்வத்திடம் அவருக்கு ஆழ்ந்த பக்தி இருந்தது உண்மை. ஆனால் இந்த 102 எண்களின் பட்டியல் கனவில் கண்டு எழுதியது போன்றதன்று. காரணிகளைப் பிரித்தும், பெருக்கியும், ஒப்பிட்டும், ஒன்றை வைத்து ஒன்றைத் தள்ளியும் கையால் செய்த வேலை அது. அத்தகைய வேலையில் ஓர் இடம் தவறுவது இயல்பு. 103 எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டுமே தவறியது என்பது அந்த உழைப்பின் துல்லியத்துக்குச் சான்று. பிழையே இல்லாத மேதை என்று அவரைப் போற்றுவதைக் காட்டிலும், இப்பட்டியலைப் பார்த்து அவர் எப்படி உழைத்தார் என்று அறிவது மாணவர்க்குக் கூடுதல் பயன் தரும்.

பெரியவர் செய்த கணக்கையும் சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம். பழவேற்காட்டில் முறைப் பட்டியலில் தன் பெயர் விடுபட்டால் அந்த மீனவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்பார். எண்ணுக்கு அப்படிக் கேட்க வாய் இல்லை. அதற்காக வேறு யாராவது மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று கணிப்பொறிகள் தயாரித்துள்ள மிகு பகு எண் பட்டியல்களில் 2,93,31,86,25,600 தனக்குரிய இடத்தில் இருக்கிறது. அதற்கு 5,040 வகுத்திகள் உண்டு என்பதைச் சரிபார்க்கக் கணிப்பொறி தேவையில்லை. எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், தாளும் எழுதுகோலும் கொண்டு, அதனை இரண்டால் வகுக்கத் தொடங்கினால் போதும்.